மண்டி வீட்டு நெடி

எதையும் பாராட்டக் கூடாது, பாராட்டாமலும் இருந்துவிடக் கூடாது என்று சுகந்தியின் புது வீட்டு இரும்புப் படியில் ஏறும்போதே குணசுந்தரி முடிவு செய்துகொண்டுதான் வந்தாள். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலைக்குக் கை நீட்டுகிற நேரத்துக்குள் அந்த முடிவே தலைவலியாகிவிட்டது. வந்ததும் படியைப் பார்த்து "நல்லாருக்கு" என்றாள். சொன்ன பிறகு அது காய்ந்துபோய் விழுந்த மாதிரி இருந்தது. அதைச் சரிக்கட்ட, ஆள் உயரத்துக்கும் மேலே நின்ற ஜன்னலைப் பார்த்து "ரொம்ப நல்லாருக்கு" என்றாள். ரொம்ப என்று சொல்லியிருக்க வேண்டாம். சுகந்தி திரும்பிப் பார்த்து, "தேங்க்ஸ்க்கா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எதற்கு என்று இப்போது, இந்தத் தாழ்ந்த சோபாவில் புதைந்து, முழங்கால் மார்புக்கு நேராக வந்து நிற்க, குணசுந்தரி யோசித்துக்கொண்டிருக்கிறாள். நல்லாருக்குவுக்கும் ரொம்ப நல்லாருக்குவுக்கும் நடுவில் தான் மூச்சு வாங்கியதை அவள் கவனித்திருப்பாளோ. சுகந்தி எதையும் கவனிப்பாள். பாங்கியில் வேலை பார்க்கிறவள். கையெழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற கண். கொழுந்தன் தாமோதரனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து குணசுந்தரியை அக்கா அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். ஓரகத்தி அக்கா என்று கூப்பிட்டால் சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் ஒரு தடவையாவது, ஒரு சண்டையிலாவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தாளென்றால் நன்றாக இருந்திருக்கும். பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி கிடைத்திருக்கும். சுவரில் ஆணி இல்லாத வீட்டில் சட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி, இத்தனை வருஷமாகத் தன் எரிச்சலை எங்கே மாட்டுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"என்ன அண்ணி, சோபா எழுந்திருக்க விடமாட்டேங்குதா?" என்றாள் நாத்தனார் மரகதம், வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு. "வேணும்னா சொல்லுங்க, போகும்போது உங்க ஊருக்கு ஒண்ணு தூக்கிட்டுப் போயிடலாம்." எல்லோரும் சிரித்தார்கள். குணசுந்தரியும் சிரித்தாள். அவள் ஊரில், திருநின்றவூரில், இந்த சோபாவை வாசல் வழியாக உள்ளே நுழைக்கவே முடியாது. மாடி கட்டுவதற்கென்று விட்டுவைத்த கம்பிகள் மொட்டைமாடியில் துருப்பிடித்து நிற்கின்றன. அவற்றில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறாள். லாஃப்ட் என்றால் அவள் வீட்டில் பொங்கல் பானையும் கிழிந்த பாயும் கிடக்கிற சிமெண்டுப் பலகை. இங்கே அதில் கட்டில் போட்டுப் படுக்கப் போகிறார்கள். அறை கிடையாது, கதவு கிடையாது, பாதி உயரத்தில் ஒரு மரத்தளம், அதற்கு ஒரு படி, அதுதான் படுக்கையறை. கீழே சமையல் செய்தால் மேலே தும்மல் வரும் என்று முதலில் தோன்றியது. கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அப்புறம் அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சுகிற பெட்டி இருப்பதைப் பார்த்தாள். மண்ணடியில் லாரி நுழைய முடியாத சந்துக்குள் இருந்த பழைய மிளகாய் மண்டி இது. இடிக்காமல், தூணையும் உத்திரத்தையும் அப்படியே விட்டு, வீடு வீடாகத் தடுத்து விற்கிறார்கள். ஊரெல்லாம் மண்ணடியை விட்டுக் காற்றோட்டமான இடத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் குணசுந்தரியும் போனாள். இப்போது சுகந்தி மாதிரி ஆட்கள் திரும்பி வந்து, ஊருக்கு நடுவில் இருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். எப்போதும் இப்படித்தான். தான் ஒரு இடத்தை விட்டுக் கிளம்பிய பிறகுதான் அந்த இடத்துக்கு விலை வருகிறது.

அதுகூடப் பரவாயில்லை. எத்தனையோ மண்டி இருக்க, இந்த மண்டியைத்தானா வாங்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து, முதலாளி பிள்ளைகள் வியாபாரத்தை மூடுகிற வரைக்கும், அவள் புருஷன் ஏகாம்பரம் தராசு பிடித்தது இங்கேதான். அவர் கொண்டு வருகிற நெடியோடுதான் குணசுந்தரி குடும்பம் நடத்தினாள். அவர் சட்டையைத் தனி வாளியில் ஊறப்போட வேண்டும். மறந்து குழந்தைத் துணியோடு போட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்கக் குழந்தை வீறிட்டு அழும். துவைத்த கை ராத்திரி வரை எரியும். மோரில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கல்யாணமான புதிதில் அவர் கன்னத்தைத் தொட்டால் கண்ணில் தண்ணீர் கொட்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிட்டார்களே, பெண்ணுக்குத் தன்னைப் பிடிக்கவில்லையோ என்று அவர் பயந்துபோய்க் கையை எடுத்துக்கொள்வார். இல்லைங்க, மிளகாய் என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். அப்புறம் அவர் கடலைமாவு போட்டுக் கை கழுவக் கற்றுக்கொண்டார். அந்தக் கண்ணீரை நினைத்தால் இப்போதும் உள்ளே என்னவோ இளகுகிறது. சின்ன வயசில் சந்தோஷத்துக்கும் எரிச்சலுக்கும் ஒரே தண்ணீர்தான் வந்தது. அந்த நாட்களில் மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கொண்டு இந்தச் சந்துக்கு வருவாள். வாசலோடு சரி. மூட்டை ஏறி இறங்குகிற இடம், பெண்பிள்ளை உள்ளே வரக் கூடாது. கேரியரை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் மேலே இருட்டாக ஒரு ஜன்னல் தெரியும். "மேல என்னங்க இருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள். "மூட்டை. வேற என்ன இருக்கும்?" என்றார். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. மூட்டை என்று நம்பிக்கொண்டு, அத்தனை வருஷமும் அந்தப் படிக்குக் கீழேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள்.

இன்றைக்குக் காலையில், பால் காய்ச்சி முடிந்ததும், ஏகாம்பரம் அதே ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டு சுகந்தியிடம் பேசினார். குணசுந்தரி பால் டம்ளர்களை எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள். "சாயங்கால வெயில் இது வழியாத்தாம்மா உள்ள வரும். தரை பூரா முண்டு மிளகா கொட்டிக் கிடக்கும். வெயில் அது மேல பட்டுச்சுன்னா பாக்கணும். சுவரு, தூணு, மூட்ட தூக்கறவன் மூஞ்சி, அத்தனையும் செவப்பாயிடும். தீக்குள்ள நிக்கற மாதிரி இருக்கும், ஆனா சுடாது. நான் தராசப் பிடிச்சிட்டு அப்படியே நின்னுடுவேன். முதலாளி கத்துவாரு, ஏகாம்பரம் எடைய சொல்லுய்யான்னு." சுகந்தி "ஐயோ மாமா, கேக்கவே எவ்வளவு அழகா இருக்கு" என்றாள். குணசுந்தரியின் கையில் தட்டு ஆடி, பால் தளும்பியது. மூட்டை. வேற என்ன இருக்கும். வாயைத் திறந்து இதைச் சொல்ல அவருக்கு எத்தனை வருஷம் இருந்தது. எத்தனை ராத்திரி மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். அவளிடம் சொன்னதெல்லாம் தோள் வலி, முதுகு வலி, முதலாளியின் வாய். சிவப்பு வெளிச்சத்தை மட்டும் மடித்து எங்கேயோ வைத்திருந்து, வீடு வாங்கியவளிடம் எடுத்துக் கொடுக்கிறார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. கேட்கிறவள் கேட்கிற விதத்தில் கேட்டால் எவரும் சொல்லுவார். தான் கேட்டது என்ன, மேல என்னங்க இருக்கு என்று, சாமான் கணக்கு கேட்கிற மாதிரி. சுகந்தி என்ன கேட்டாளோ. ஏதோ கேட்டிருக்கிறாள். மண்டியின் பழைய தராசைக்கூட விடவில்லை. மூலையில் சங்கிலியோடு தொங்கவிட்டு, இரண்டு தட்டிலும் செடி வைத்திருக்கிறாள். ஏகாம்பரம் அதன் பக்கத்தில் போகும்போதெல்லாம் ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போகிறார். காலையிலிருந்து எத்தனை தடவை தொட்டார். அந்தத் தட்டு ஆடி நிற்கும்வரை குணசுந்தரியால் வேறு பக்கம் பார்க்க முடிவதில்லை. பார்க்காதே, பார்க்காதே. பார்த்தால்தான் வம்பு. அவள் பார்வையைப் பற்றித்தான் இந்த வீட்டார் பேசிக்கொள்கிறார்களே. நேருக்கு நேர் யாரும் சொன்னதில்லை. சுகந்தியின் பெண் கைக்குழந்தையாக இருந்தபோது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய குழந்தையைத் தூக்கி, "தங்கக் குடமாட்டம் இருக்காடி" என்று குணசுந்தரி சொன்னாள். மனசாரத்தான் சொன்னாள். மனசாரத்தானா. தன் பிள்ளை ஏன் இப்படிப் புஷ்டியாக இருந்ததில்லை என்று அப்போது ஓரத்தில் ஒரு எண்ணம் ஓடியது நிஜம். ஓடினால் ஓடட்டும், எண்ணத்தை யார் கட்டிவைக்க முடியும். அன்று ராத்திரி குழந்தைக்கு ஜுரம். ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். திரும்பி வந்த மரகதம் வாசலில் நின்று, "எந்தக் கண்ணு பட்டுச்சோ" என்றாள். யாரையும் பார்க்காமல்தான் சொன்னாள். யாரையும் பார்க்காமல் சொன்னதில்தான் எல்லாம் இருந்தது. அந்தக் குழந்தை வளர்ந்து இன்றைக்குக் கோயம்புத்தூரில் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறது. அந்த வார்த்தை மட்டும் மரகதம் நின்ற அதே வாசலில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

அதனால்தான் சுகந்தி எதிரே வந்து குனிந்து, "அக்கா, விளக்கேத்தறதுக்கு முன்னாடி நீங்கதான் எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சுச் சுத்திப் போடணும்" என்றபோது குணசுந்தரி அவசரமாக மரகதத்தைக் கைகாட்டினாள். "நானா? எதுக்கு, மரகதம் இருக்காளே." "மூத்த மருமக நீங்க இருக்கும்போது நான் எப்படி அண்ணி?" என்றாள் மரகதம். "நீங்க சுத்தினாத்தான் சரியா இருக்கும்." சரியா இருக்கும். அதை எந்தக் குரலில் சொன்னாள். மிளகாயைத் தலையைச் சுற்றி நெருப்பில் போட்டால் நெடி கிளம்ப வேண்டும், எல்லோரும் இருமித் தும்ம வேண்டும். இருமினால் கண்ணேறு எதுவும் இல்லை. நெடியே வராமல் மிளகாய் கருகிப்போனால், பெரிய கண் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறாள். நெடி வராத நிமிஷத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் யாரையாவது பார்க்காமல் இருப்பார்கள். இன்றைக்கு அப்படிப் பார்க்காமல் விடப்படப் போகிற ஆள் யாரென்று அவளுக்குத் தெரியும். தலை வலிக்கிறது என்று சொல்லிவிடலாம். வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் சொன்னால், ஏன் மறுத்தாள் என்று அதற்கொரு பேச்சு வரும். மறுத்தாலும் மாட்டிக்கொண்டாள், செய்தாலும் மாட்டிக்கொண்டாள். அதற்குள் ஏகாம்பரம் தராசுப் பக்கத்திலிருந்தே, "செய் குணா, உன் கை ராசியான கை" என்றார். ராசியான கையாம். கையைப் பற்றி இப்போது யார் கவலைப்பட்டார்கள்.

வெயில் சாய்ந்ததும் சுகந்தி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கல்லுப்பும் கடுகும் மிளகாயும் கொண்டுவந்து கொடுத்தாள். தாமோதரன் தூபக்காலில் கரியைக் கனியவைத்துக்கொண்டு வந்தான். "அண்ணி, மேல பொட்டு மாதிரி ஒண்ணு தெரியுது பாருங்க, புகை பட்டா அலாரம் அடிச்சு ஊரக் கூட்டிடும்" என்று சொல்லி, ஏணி போட்டு ஏறி, குளிக்கும்போது தலைக்குப் போடுகிற பிளாஸ்டிக் தொப்பியை அதற்கு மாட்டிவிட்டு இறங்கினான். "வீட்டுக்கே மொட்டையடிச்சுக் குல்லா போட்டுட்டான்" என்றாள் மரகதம். சிரிப்பு. குணசுந்தரி கிண்ணத்தைப் பார்த்தாள். மிளகாய் நீளமாக, சுருக்கம் சுருக்கமாக, குங்குமம் மாதிரி இருந்தது. காஷ்மீரி. இது குழம்புக்கு நிறம் கொடுக்கும், காரம் இருக்காது. மிளகாய் மண்டிக்குள்ளேயே வீடு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் வீட்டில் காரமில்லாத மிளகாய். ஒரு நொடி அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. இது வேண்டாம், கடைக்கு ஆள் அனுப்பிக் காரமான முண்டு மிளகாய் நாலு வாங்கி வரச் சொல்லு என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்டதுமே பதில் தெரிந்துவிடும் போலிருந்ததால் கேள்வியை அவசரமாக மூடினாள். ஆனால் மூடவில்லை, இடுக்கு வழியாகத் தெரிந்தது. நெடி வரக் கூடாது. ஒரே ஒரு நிமிஷம், இந்த வீட்டில், இந்த ஜன்னலுக்கு எதிரே, சுகந்தியின் முகம் வெளிறிப் போவதைப் பார்க்க வேண்டும். இவ்வளவு பெரிய கண்ணா நம்ம வீட்டுக்கு என்று அவள் ஒரு ராத்திரி, அந்த மேல்தளத்துக் கட்டிலில், தூக்கம் வராமல் புரள வேண்டும். நினைத்த மாத்திரத்தில் குணசுந்தரி கிண்ணத்திலிருந்ததை அள்ளிக் கைக்குள் மூடிக்கொண்டாள். அப்படியென்றால் மிளகாய்மேல் பழி போட முடியாது. காஷ்மீரியும் கொஞ்சமாவது கமறத்தான் செய்யும். அதுவும் கமறாவிட்டால் அது மிளகாயால் இல்லை. இதோ, நானே வேண்டிக்கொண்டாயிற்று. இனிமேல் நெடி எங்கிருந்து வரும்.

சுகந்தியும் தாமோதரனும் கிழக்கே பார்த்துத் தரையில் உட்கார்ந்தார்கள். சாயங்கால வெயில் ஏகாம்பரம் சொன்ன மாதிரியே ஜன்னல் வழியாக இறங்கித் தரையில் படுத்தது. சிவப்பாக இல்லை, சாதாரண மஞ்சளாகத்தான் இருந்தது. அது என்னவோ ஒரு திருப்தி. அந்தச் சிவப்பு இவளுக்குக் கிடைக்காது. அவர் சொல்லித்தான் கேட்கலாம். எனக்கு அதுவும் இல்லை, போகட்டும். குணசுந்தரி கையை மூடிக்கொண்டு வலமாகச் சுற்றினாள். சுகந்தியின் தலையில் நரை எட்டிப்பார்க்கிறது, சாயம் போடாமல் விட்டிருக்கிறாள், அதுவும் அவளுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. "வந்த கண்ணு, போன கண்ணு, பாத்த கண்ணு, பாக்காத கண்ணு, ஊர்க் கண்ணு…" நாக்கு அங்கே நின்றது. அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். "ஊர்க் கண்ணு…" என்று மறுபடியும் சொன்னாள். சொல்லிவிட்டு இடமாகச் சுற்றத் தொடங்கினாள். "எல்லாக் கண்ணும் எரிஞ்சு போகட்டும்." "அண்ணி, உறவுக் கண்ண விட்டுட்டீங்களே" என்றாள் மரகதம், ரொம்பச் சாதாரணமாக. ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார். "உறவுக் கண்ணு" என்றாள் குணசுந்தரி. தன் பெயரைத் தானே கூப்பிட்ட மாதிரி இருந்தது. சுகந்தி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், நிமிரவில்லை. இருவரையும் மூன்று தடவை துப்பச் சொல்லிவிட்டுக் கையிலிருந்ததைக் கரியின் மேல் கொட்டினாள். உப்பு படபடவென்று வெடித்தது. கடுகு பொரிந்தது. மிளகாய் சுருண்டது, பளபளத்தது, கறுக்க ஆரம்பித்தது. எல்லோரும் தூபக்காலையே பார்த்தார்கள். மெல்லிசாக ஒரு புகை எழுந்து, குணசுந்தரியின் முகத்தில் பட்டு, விலகிப் போயிற்று. வெறும் புகை. சருகு எரிந்த மாதிரி. மூக்கில் ஒன்றுமில்லை, தொண்டையில் ஒன்றுமில்லை. "நெடி வருதா?" என்றான் தாமோதரன். "என்னக் கேக்காத, என் மூக்கு செத்து எத்தன காலமாச்சு" என்றார் ஏகாம்பரம். மரகதம் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். வாயைத் திறக்கப் போகிறாள். பதினெட்டு வருஷமாக வாசலில் நின்றுகொண்டிருக்கிற அந்த வார்த்தை இதோ படியேறி உள்ளே வரப் போகிறது. மிளகாய் முழுசாகக் கறுத்துவிட்டது. நான்தான், நான்தான், வேறு யாரும் இல்லை என்று குணசுந்தரியின் காதுக்குள் இரைந்தது. அவள் இருமினாள்.

இருமல் மாதிரியே இல்லை. யாரோ கதவைத் தட்டிவிட்டு ஓடிப்போன மாதிரி, வறட்டுச் சத்தம் ஒன்று. இன்னொரு தடவை இருமினாள், அது இன்னும் மோசம். மரகதத்தின் புருவம் மெல்ல உயர்வது ஓரக்கண்ணில் தெரிந்தது. அப்போது தரையில் உட்கார்ந்திருந்த சுகந்தி இருமினாள். முதலில் சின்னதாக, அடக்கப் பார்க்கிற மாதிரி, பிறகு அடக்க முடியாமல், தோள் குலுங்க, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, "ஐயோ, என்ன நெடிக்கா இது!" என்று ஒரு கையால் தாமோதரனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். தாமோதரன் மூக்கைத் தேய்த்தான், தேய்த்ததும் தும்மினான். மரகதம் "ஆமா, ஆமா, இப்பத்தான் ஏறுது" என்று இருமத் தொடங்கி, வெற்றிலைச் சாறு புரையேறி, நிஜமாகவே திணறிப் போனாள். "மிளகா மண்டின்னா சும்மாவா?" என்றார் ஏகாம்பரம் பெருமையாக, எதுவும் எட்டாத மூக்கோடு. முந்தானைக்கு மேலே சுகந்தியின் கண்கள் குணசுந்தரியைப் பார்த்தன. ஒரு நொடிதான். கோபம் இல்லை, கேலி இல்லை. தெரியும் என்பது மட்டும் இருந்தது. பிறகு எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "குடிங்கக்கா." குணசுந்தரி அண்ணாந்து குடித்தாள். தொண்டையில் கழுவ ஒன்றுமில்லை. தண்ணீர் சும்மா இறங்கிப் போயிற்று. தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து, ரொம்ப நல்லாருக்கு என்ற நேரத்திலிருந்தா, பால் தளும்பியதிலிருந்தா, குழந்தைக்கு ஜுரம் வந்த ராத்திரியிலிருந்தா. தெரிந்துகொண்டேதான் அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள், தெரிந்துகொண்டேதான் கீழே உட்கார்ந்து தலையைக் கொடுத்திருக்கிறாள். வீடு, ஜன்னல், தராசு, அவருடைய சாயங்கால வெயில், இப்போது இந்தப் பொய் இருமலும், எல்லாம் அவளுக்கே. இதையாவது தான் செய்திருக்கக் கூடாதா, அவளுக்காக, ஒரே ஒரு தடவை, இப்படி அழகாக. எதிரே நின்ற சுகந்தியின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் கட்டி நின்றது. குணசுந்தரி தன் கண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். விரல் காய்ந்தே திரும்பி வந்தது.